எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, தலவாக்கலையில் இரண்டு கடை போட்டவன் நான். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரை எதைக் கேட்டாலும் "ஆமாங்கய்யா" என்று சொல்லியே முன்னேறினேன். மகளையும் அப்படித்தான் பழக்கினேன்.

அவளுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று அறிய ஹட்டனில் ஆளுமைப் பரிசோதனை எழுத வைத்தேன். தனிமை பிடிக்குமா, கூட்டம் பிடிக்குமா, எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தாள்.

"இதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது, ஐயா" என்றார் பரிசோதனையை நடத்திய யாழ்ப்பாணத்து ஆசிரியர்.

"ஒனக்கு என்னதாம்மா புடிக்கும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்கப்பா."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பஸ்ஸில் வரும்போது, பெரட்டில் நான் சொன்ன "ஆமாங்கய்யா"தான் காதில் கேட்டது.

இப்போதெல்லாம் அவளிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். நேற்று, "டீ குடிக்கிறியாம்மா?" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றாள்.

அந்த டீயை நானே குடித்தேன்.