ஒளிந்திருந்த வெள்ளைச் சங்கு

தோட்டக்காரன் வேலையில் சௌகரியமும் சங்கடமும் ஒன்றேதான்: செய்த தப்பு மூன்று மாதம் கழித்துத்தான் பூக்கும். செடிகளோடு மாரடிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்போது யுத்த காலம். அரியலூரில் ஒரு மிராசுதார் வீட்டுத் தோட்டம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்காத முதல் ஆள் நான்தான். அதில் போய் இறங்க எனக்கு மனசில்லை.

சம்பந்தி வீட்டுப் பூ

ஐயாவின் பெரம்பலூர்ச் சம்பந்தி வீட்டில் நீல அடுக்குச் சங்குப்பூ இருந்தது. எங்கள் வேலியிலோ வெள்ளை, அதுவும் ஒற்றை. ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. சிவபூஜைக்கு வெள்ளையில் அடுக்கு வேண்டும் என்றார். சம்பந்தியிடம் அது இல்லை என்பதுதான் நிஜக் காரணம். நீல அடுக்கு விதையைக் கேட்டு வாங்கி வந்து என் கையில் கொட்டினார்.

"ரெண்டையும் கலந்து உண்டாக்கு. அடுத்த வருஷத் திருவாதிரைக்குள்ள பூக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க."

முடிந்துபோன கல்யாணம்

நீலம் பூத்ததும் அதன் மகரந்தத்தைத் தொட்டு, விரிந்த வெள்ளைப் பூக்களில் தடவினேன். காய்த்தது, விதைத்தேன். வந்த செடியெல்லாம் தாயைப்போலவே ஒற்றை வெள்ளை. எரிச்சலில் ஒருநாள் விடிகாலை, விரியாத மொட்டு ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே அதன் சொந்த மகரந்தம் ஏற்கெனவே சூல்முடியில் அப்பிக்கொண்டிருந்தது. விரிந்த பூவில் நான் தடவியதெல்லாம் வீண். சமையல்கட்டில் போய்ப் புலம்பினேன். பொன்னம்மா அக்கா அரிசி களைந்துகொண்டே சிரித்தார்.

"நீ தாலி எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சே தம்பி!"

கருவேல முள்

அதன்பிறகு விரிவதற்கு முந்தின நாளே மொட்டைக் கருவேல முள்ளால் கீறி, வெடிக்காத மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தேன். துணியால் மூடி வைத்து, மறுநாள் காலையில் நீலத்தின் மகரந்தத்தை வைத்தேன். முள் பூவைக் குத்தியதைவிட என் விரலைக் குத்தியதுதான் அதிகம். ஆசை ஆசையாய் விதைத்தேன். பூத்தது. எல்லாம் நீலம், எல்லாம் ஒற்றை. தாயின் வெள்ளையும் இல்லை, தகப்பனின் அடுக்கும் இல்லை. காய்கள் காயும்வரை ஐயாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். கடைசியில் பட்டுவிட்டது.

"இது ஊரு வேலியெல்லாம் கெடக்கேடா. புடுங்கிப் போடு!"

செவலை

பிடுங்கினேன். அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்? கொடிகளை வண்டிமாட்டுக்குப் போட்டேன். மாடு ருசித்துத் தின்றது. வண்டிக்காரர் காதர் பாய் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். கேட்டதும் மாட்டின் வாயிலிருந்தே கொடியை இழுத்தார். மிஞ்சிய காய்களை உருவி என் துண்டில் போட்டார்.

"இந்தச் செவலையப் பாரு. இதோட அப்பனும் கறுப்பு, ஆத்தாவும் கறுப்பு. ஆத்தாவப் பெத்தது செவலை. ஒளிஞ்சு கெடந்துட்டு வந்திருக்கு. இதையும் வெதைச்சுப் பாரு, இன்ஷா அல்லாஹ்."

வண்டிக்கொட்டகை வேலி

கொட்டகைக்குப் பின்னால் விதைத்தேன். பெரும்பாலும் மறுபடி நீல ஒற்றைதான். ஆனால் நடுநடுவே வெள்ளை ஒற்றை எட்டிப் பார்த்தது. நீல அடுக்கும் வந்தது. பாய் சொன்னது சரி, ஒன்றும் தொலைந்துபோகவில்லை. வெள்ளையும் அடுக்கும் ஒரே கொடியில் சேர வேண்டியதுதான் பாக்கி.

திருவாதிரைக்குப் பத்து நாள் இருந்தபோது, வேலி ஓரத்தில் பிந்தி வளர்ந்த ஒரு கொடியில் மொட்டு வெளுத்தது. மறுநாள் காலை விரிந்தது: வெள்ளை, இதழுக்குள் இதழ்! பாயைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

ஐயா வந்தார். பூவைத் தொட்டுப் பார்த்தார். பெரம்பலூருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொல்லலையா? செடி விஷயத்துல அவசரப்படக் கூடாதுடா."

வேலை எனக்கு நிலைத்தது, பொறுமைசாலி என்ற பேர் ஐயாவுக்குப் போனது, செவலைக்குத்தான் அதன்பிறகு அந்த வேலிப் பக்கம் போகத் தடை.