நிறம் காட்டாத தண்ணீர்

என் அக்காவுக்குக் 'குளத்துக்காரி' என்று பெயர். வீடுகளில் கட்டியிருக்கும் நீச்சல் குளங்களின் தண்ணீரைச் சோதித்து மருந்து போடுவது அவள் தொழில். வேன் ஓட்டுவதும் வாளி தூக்குவதும் நான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆசிட் கேனை நான் மூடாமல் வைத்துவிட்டால் என் பரம்பரையையே இழுப்பாள். அது உன் பரம்பரையும்தானே என்று கேட்டால் இன்னும் நாலு விழும்.

அத்தான் திடீரென்று இறந்துபோனதும் அந்த வாய் அடைத்துப்போனது. அவள் அழவும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். குழாய் சொட்டுகிறது என்று வாஷர் மாற்றினாள். "கல்நெஞ்சக்காரி" என்று அத்தானின் தங்கை என் காதுபடவே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னவளை விடுங்கள், பெற்ற மகளும் அதையேதான் நினைத்தாள். கல்லூரியில் படிக்கிறவள், அப்பா செல்லம்.

"இனிமே நான் அத்தை வீட்லயே இருந்துக்கறேன்" என்று பெட்டியைக் கட்டினாள்.

அக்கா "சரி" என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் நின்றிருப்பாள். அவள் வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் பார்த்தேனே!

அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குளம் பாக்கி இருந்தது. அக்கா மகளை, அதாவது என் மருமகளை, பெட்டியோடு ஏற்றிக்கொண்டு முதலில் அங்கே போனோம். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்தார்.

"நீங்க வரலையேன்னு நானே கொஞ்சம் குளோரின் போட்டு வெச்சேன்" என்றார். அக்கா தலையாட்டினாள். அவருடைய பிள்ளைகள் இரண்டும் நீச்சல் உடையில், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எப்போது இறங்கலாம் என்று துள்ளிக்கொண்டிருந்தன.

நான் பின்பக்கம் வடிகட்டியைக் கழுவப் போனேன். அக்கா சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று காட்டும் மாத்திரையைப் போட்டாள். நிறமே இல்லை. குளோரினை வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினாள். சற்றுப் பொறுத்து மறுபடி சோதித்தாள். அப்போதும் நிறம் இல்லை. இரண்டாவது வாளியைத் தூக்கினாள்.

"அம்மா, நில்லு!" என்று மருமகள் கத்தியது எனக்கே கேட்டது. ஓடி வந்தேன்.

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவன் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் குளோரின் இருந்தால் மாத்திரை இளஞ்சிவப்பாகக் காட்டும். ஆனால் குளோரின் எக்கச்சக்கமாக இருந்தாலோ, அந்தச் சிவப்பையே வெளுத்துவிடும். நிறம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுவான் முட்டாள். நான் கொட்டியபோது அக்கா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாள்.

"செவப்பு வந்துட்டுப் போச்சும்மா. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் ஊத்தின?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "பாத்தேன்டி. பாத்தது உள்ள போகல. வீட்டுக்காரரு குளோரின் போட்டேன்னு சொன்னதும் காதுல விழுந்துச்சு, உள்ள போகல. உங்கப்பா பேரை யாராவது சொன்னாலும் அப்படித்தான். எல்லாம் வாசலோட நின்னுடுது."

மருமகள் சோதனைக் குழாயை எடுத்தாள்; சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு குளங்களுக்கு வந்து பழகியவள். வெளுக்கும் வீரியம் குறைய, கொஞ்சம் குளத்துத் தண்ணீரில் நிறைய நல்ல தண்ணீர் கலந்து மாத்திரையைப் போட்டாள். குழாய் ரத்தமாகச் சிவந்தது. இன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது, தப்பு என்னுடையது என்று அக்காவே வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் முணுமுணுத்தார். பிள்ளைகள் அழுதன. அக்கா அவர்களைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேனில் கிளம்பினோம். அத்தை வீட்டுத் திருப்பம் வந்ததும் மருமகள், "மாமா, நேரா நம்ம வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"பெட்டியெல்லாம் கட்டிட்டியே" என்றாள் அக்கா.

"பிரிச்சுக்கறேன்."

இப்போதாவது உடைந்து அழுவாள் என்று கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"நீ இருக்கறது நல்லதுன்னு தெரியுது. ஆனா சந்தோஷம் வரமாட்டேங்குதுடி. அழுகையும் வரமாட்டேங்குது."

"வராட்டி போகட்டும்மா," என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுதுக்கறேன்."