ரங்கூன்காரன் சட்டை

சிட்டு, நீ போய்விட்டாய் என்று தையற்கடை பாய்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னார். "ஜுரம் எறங்கவேயில்லம்மா. சிவகாமி போயிட்டா." பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் மடித்தேனோ.

பாய் கடைக்கு ஒன்பது வருஷம் நாம் இருவரும் சேர்ந்து காஜா எடுத்தோம். நான் தாலியறுத்தவள், பரிதாபப்பட்டு எனக்கு அறை கொடுத்தார்கள். கல்யாணமே ஆகாத உனக்கு ராயப்பேட்டையில் நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது வீட்டுக்குப் போகுமுன் மயிலாப்பூர் குளத்தண்டை மஞ்சள் கயிறு வாங்கி நீயே கட்டிக்கொண்டாய். "முடிச்சு போட ரெண்டு கை எங்கிட்டயே கீதே" என்றாய். புருஷன் ரங்கூனில் என்றாய். என் அறைக்குப் பக்கத்து அறை கிடைத்தது.

தைத்ததில் ஒரு கை குட்டையாகிப்போய் பாய் ஒதுக்கிய சட்டையை, புருஷன் விட்டுப்போனது என்று வாரந்தோறும் துவைத்துக் கொடியில் போடுவாய். குழாயடியில் எதிர்வீட்டு ராசம்மா விடமாட்டாள்.

"இன்னாமே, ரங்கூன்காரன் கடுதாசி போட்டானா?"

"போட்டாரு. உன்னத்தான் கேட்டாரு. ராசம்மா இன்னும் அடுத்த வூட்டையே பாத்துக்கினு கீதான்னு."

குழாயடியே சிரிக்கும். அறைக்குள் வந்ததும் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டுவாய். கழுத்தெல்லாம் தடித்திருக்கும். "என் கையால சம்பாரிச்சுத்தான் சோறு துன்னேன். செத்த அன்னிக்காவது அத்த சொல்லிடு. பொய்யோட என்ன எரிக்காதே." என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய்.

சொல்லத்தான் அன்று வாசலில் நின்றேன். உனக்குக் குங்குமம் வைத்தார்கள், பூ வைத்தார்கள். ராசம்மா கொடியிலிருந்த சட்டையை எடுத்து உன் மார்மேல் போர்த்தினாள். "சுமங்கலியா போறா மகராசி. அவரு வர முடியல, சட்டையாச்சும் கூடப் போவட்டும்." அழுதாள். நிஜமாகவே அழுதாள். நாலு பேர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். சொன்னால் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்களே என்று பயந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

இன்று பதினாறாம் நாள், இன்றுதான் வாய் திறக்கிறேன். அவளைத் தெரிந்தவர்களே, கேளுங்கள். ரங்கூனில் யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. சிவகாமி யாருக்கும் பெண்சாதி இல்லை. யாருக்கும் கெடுதலும் செய்யவில்லை.

கோத்த நூலோடு உன் ஊசி மட்டும் என்னிடம் இருக்கிறது. நீ எரிந்த பிறகு சொன்னால் சொன்னதாகுமா, சிட்டு?