முதல் எதிர்மனுதாரர்

லஸ் பக்கம் பேருந்தை விட்டு இறங்கி, நின்றிருந்த அதே பேருந்துக்கு முன்னால் சாலையைக் கடந்தேன். பேருந்தை வலப்பக்கமாக முந்திக்கொண்டு வந்த ஒரு பேக்கரி வேன் என்னைத் தூக்கி எறிந்தது. தி.நகரில் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்கிக்கொண்டு வந்த சனிக்கிழமை அது. ரவிக்கைகள் சாலையில் கிடந்ததும், யாரோ ஒரு பெண் அவற்றைப் பொறுக்கி என் தலைக்கு அணையாக வைத்ததும் நினைவிருக்கிறது. வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. அந்த வலி மட்டும் இப்போது நினைவுக்கு வருவதில்லை.

அப்போது நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்கில் சம்பளமில்லா விடுப்பு. நஷ்டஈட்டு வழக்குப் போடச் சொன்னவர் எங்கள் தெருவிலேயே இருந்த வக்கீல். மனுவில் வேன் ஓட்டுநர் முதல் எதிர்மனுதாரர், பேக்கரி முதலாளி இரண்டாவது, இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாவது.

"டிரைவர் பேரு சும்மா ஒரு சம்பிரதாயம்மா. பணம் குடுக்கப்போறது கம்பெனி. டிரைவரெல்லாம் கோர்ட்டுப் பக்கமே வரமாட்டா, பாருங்கோ" என்றார் வக்கீல்.

ஆனால் ஓட்டுநர் வந்தார். கே.கே. நகர்க்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். கம்பெனி தரப்பில் சாட்சி சொல்ல வேண்டும் என்று முதலாளி அனுப்பியிருந்தார். அன்று வழக்கு தள்ளிப்போனது. அடுத்த முறையும் தள்ளிப்போனது. நீதிபதி விடுப்பு, வக்கீல் வேறு கோர்ட்டில், வழக்குக் கட்டு கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். முதலில் என் கணவர் பாங்கில் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பிறகு வாசல்வரை வந்து ஆட்டோ வைத்துக்கொடுத்தார். பிறகு நான் தனியாகவே போகப் பழகிவிட்டேன்.

கோர்ட் மாடியில் இருந்தது. படிகள் உயரமானவை. ஒருநாள் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"கையப் புடிங்க டீச்சர். இந்தப் பக்கம் புடிக்க ஒண்ணுமே இல்ல."

திரும்பினால் அவர். அந்த நேரத்தில் என்ன நினைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஏற வேண்டும், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தோம். வேறு பேச ஆள் கிடையாது. "இன்னா டீச்சர், கால் எப்டி கீது?" என்பார். "மழை வந்தா குத்துது" என்பேன். இதற்குள் பேக்கரி வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டிருந்தார்கள். வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். "லஸ்ஸு பக்கம் நான் போறதே இல்ல டீச்சர். சவாரி வந்தாகூட மந்தவெளி சுத்திக்கினுதான் போவேன்" என்று ஒருமுறை சொன்னார். மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தள்ளிவைத்த தேதியைக் காதில் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவோம்.

வக்கீல் இதைப் பார்த்துவிட்டார். "எதிர்த்தரப்போட பேசிண்டு உட்காராதீங்கோ. பார்க்கறவா என்ன நினைப்பா? இன்னொண்ணு, உள்ளே வரும்போது மெதுவா நடந்து வாங்கோ. ஜட்ஜ் பார்ப்பார்."

மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் அப்படிச் சொன்னபின் என் நடையே எனக்குப் பொய்யாகத் தோன்றியது. கால் கொஞ்சம் நன்றாக இருந்த நாட்களில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். வீட்டில்கூட சில சமயம் தேவைக்கு மேல் நொண்டுவதை நானே கவனித்து நிறுத்தினேன்.

ஒருவழியாக விசாரணை வந்தது. முதலில் என்னைக் கேட்டார்கள். வேன் வேகமாக வந்தது, ஹாரன் கேட்கவில்லை என்றேன். சாலையைக் கடக்குமுன் வலப்பக்கம் பார்த்தீர்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். பேருந்து மறைத்தது என்றேன். அடுத்து ஓட்டுநர் கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. நான் மெதுவாத்தான் தாண்டினேன். அந்தம்மா திடீர்னு பஸ்ஸு முன்னாலேருந்து குறுக்கால வந்துட்டாங்க. பிரேக் அடிச்சேன், நிக்கல."

என் வக்கீல் எழுந்தார். "கிரிமினல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினீர்கள், அல்லவா?"

"கட்டினேன் சார்."

"தப்பு இல்லையென்றால் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?"

"ஒத்துக்கினா அன்னிக்கே உட்ருவாங்கன்னு சொன்னாங்க சார். இல்லன்னா இழுக்கும்னாங்க. என்னால அலைய முடியாது சார்."

யாரும் சிரிக்கவில்லை. என் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். அந்த ஒரு பதிலே போதுமாம்.

விசாரணை முடிந்து மாடிப்படிக்கு வந்தேன். வக்கீல் இன்னொரு வழக்குக்காக உள்ளேயே தங்கிவிட்டார். ஓட்டுநர் படியருகில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை கையை மட்டும் நீட்டினார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் என் தங்கை சொன்னாள். கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டுமே. தவிர, ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முழங்காலுக்குக் கடினம். கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதிப் படியில் அவர் சொன்னார்: "நான் பாத்தது அப்டித்தான் டீச்சர்."

"தெரியும்" என்றேன்.

உண்மையிலேயே தெரிந்திருந்தது. அவர் கண்ணுக்கு நான் திடீரென்றுதான் வந்திருப்பேன். என் கண்ணுக்கு வேனும் அப்படித்தான் வந்தது. அவர் சொன்ன 'மெதுவா'வை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அதைப் படியில் நின்று பேசி ஆகப்போவது என்ன? கீழே வந்ததும் கையை எடுத்துக்கொண்டேன். அவர் தன் ஆட்டோவில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வந்தேன்.

தீர்ப்பில் ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்கு முக்கியக் காரணம் என்றிருந்தது. சாலையைக் கடக்கும்போது நானும் போதிய கவனம் காட்டவில்லை என்று நஷ்டஈட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். வக்கீலுக்கு அது நல்ல தீர்ப்பு. கம்பெனி மேல்முறையீடு செய்தது. பிறகு இன்னும் சில வருடங்கள் போயின. அதற்குள் நான் பழைய தகட்டை எடுக்க ஒருமுறை படுத்து எழுந்தேன். பள்ளியில் என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்தார்கள். ஆய்வுக்கூடம் மாடியில் இருந்ததால் செய்முறை வகுப்புகளை வேறொருவர் எடுத்துக்கொண்டார். என் கணவர் வழக்கைப் பற்றிக் கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

கடைசியில் சமரசத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு மேஜை, சில நாற்காலிகள். கம்பெனி ஆள் ஒரு தொகையைச் சொன்னார். வக்கீல் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். எத்தனையோ வருடங்களாக நடந்தது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது. ஓட்டுநரைக் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது வக்கீலிடம் கேட்டேன், "அந்த டிரைவருக்கு முடிஞ்சுதுன்னு யார் சொல்வாங்க?"

"அவனுக்கு எதுக்கும்மா? அவன் எங்க இருக்கானோ."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலையில் கணவர் வந்து விளக்கைப் போட்டார். முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். சாப்பிட என்ன இருக்கிறது என்று பார்க்க அவரே அடுக்களைக்குள் போனார்.