ஜன்னி ஊசி

என் முதல் பிள்ளை ஆண். பிறந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி அழுதான், முட்டி முட்டிப் பால் குடித்தான். ஒரு வாரம் ஆவதற்குள் வாயைத் திறக்க முடியாமல் போய்விட்டது. மார்பில் வைத்தால் உதடு குவிந்து இறுகிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், அந்தச் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளையும். பாபநாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக மாட்டுவண்டி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டான். ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு குறைவு. காத்துக்கருப்பு என்றார்கள், தீட்டு என்றார்கள். எனக்குப் பிரசவம் பார்த்தது என் மாமியார். தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் பார்த்தார்.

மறுபடி நான் முழுகாமல் இருந்தபோது சம்பா அறுவடை நேரம். எங்கள் ஊரில் அந்த வருஷம் அறுவடை அமைதியாக நடக்கவில்லை. கூலியை உயர்த்திக் கொடுக்காமல் வயலில் இறங்க மாட்டோம் என்று சங்கத்தில் முடிவு. என் வீட்டுக்காரர் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நர்சம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார்.

"மாசமா இருக்கிறவங்களுக்குப் புதுசா ஊசி வந்திருக்கு. ஒரு மாசம் விட்டு ரெண்டு தடவை போட்டுக்கணும். பிறக்கிற பிள்ளைக்கு ஜன்னி வராது" என்றார்.

யாரும் அவரை நம்பவில்லை. காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் குடும்பக் கட்டுப்பாட்டு வேன் வந்தபோது கூடவே வந்து வீடு வீடாகப் பேசியவரும் இதே நர்சம்மாதான். அவர் ஊசி போடுகிற கட்டடம் மிராசுதார் விட்டுக்கொடுத்தது, அவருடைய களத்தை ஒட்டி இருந்தது.

நர்சம்மா என் வயிற்றைப் பார்த்தார். "உனக்கு இது முதலா?"

"ரெண்டாவது. முதல் பிள்ளை தங்கலை."

"நல்லாப் பால் குடிச்சிட்டு, அப்புறம் வாய் கட்டிடுச்சா? சத்தம் கேட்டா வெடுக்குன்னு விறைச்சுதா?"

நான் அவரிடம் சொல்லாததையெல்லாம் அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோலச் சொன்னார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தொப்புள் கொடி எதால அறுத்தாங்க?"

எனக்குப் பின்னால் நின்ற மாமியார் பதில் சொன்னார். "கருக்கரிவாளாலதான். தொடச்சிட்டுத்தான் அறுத்தேன்."

"நெல்லு அறுக்கிற அரிவாளா? அதுலதான்மா வருது. மண்ணுல, சாணியில இருக்கிற கிருமி. தொடச்சாப் போகாது."

அத்தை விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போகவே கூடாது. நம்ம ஆளுங்க பெருகினா சங்கம் பெருகும். அத நிறுத்தத்தான் இந்த ஊசி. அந்த மிராசுதார் கட்டடத்துல போயி கை நீட்டுவியா நீ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். அது எனக்குத் தெரிந்தது.

அவருடைய பயம் எனக்கும் இருந்தது. ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. ஊசி போட்டுக்கொண்டால், நர்சம்மா சொன்னதை நான் நம்புகிறேன் என்று ஆகும். நம்பினால் என் பிள்ளையைக் கொண்டுபோனது காத்துமில்லை கருப்புமில்லை, அத்தையின் கையிலிருந்த அரிவாள். அவன் போனபோது என்னைவிட அதிகமாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர் அவர். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, நீங்கள்தான் கொன்றீர்கள் என்று வாயால் சொல்லாமல் ஊசிக்குக் கையை நீட்டிச் சொல்வதா? வேண்டாம், போகாமலே இருந்துவிடலாம் என்று நினைப்பேன். வயிற்றில் பிள்ளை புரளும். போகாமல் எப்படி என்று தோன்றும்.

அந்த வாரத்திலேயே வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். வயலை மறித்தவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரரும் போனார். தெருவில் ஆம்பிளைகள் இல்லை. எனக்கு யோசனை சொல்லவோ தடுக்கவோ யாரும் இல்லை.

ஊசி போடுகிற அன்று காலையில் அடுப்படியில் அத்தையிடம் சொன்னேன். "நான் போயிட்டு வந்துடறேன் அத்தை." அவர் சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டே இருந்தார். வாய்க்கால் கரையில் பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் காலடிச் சத்தம்.

"மிராசுதார் ஆளுங்க களத்துல நிக்கிறானுவ. வயித்துப் பிள்ளக்காரி தனியாவா போவ?" என்று சொல்லி அத்தை என்னைத் தாண்டி முன்னால் நடந்தார்.

களத்தில் போலீஸ் லாரி நின்றது. வெளியூர்க்காரர்கள் கட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை நிமிர்ந்து பார்த்தார்களே தவிர, யாரும் எதுவும் கேட்கவில்லை.

நர்சம்மாவிடம் நேராகவே கேட்டேன். "இதுல கருத்தடை மருந்து கலந்திருக்கா?"

அவர் முகம் சுருங்கியது. "வேன்ல வந்தப்போ நான் பேசினதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆள் சேர்த்துக் கொடுக்கலைன்னா எனக்கு வேலை இருக்காது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இது அது இல்ல. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பழசை மறைத்துச் சத்தியம் பண்ணியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். கையை நீட்டினேன்.

ஊசி இறங்கும்போது அத்தை கேட்டார். "அப்ப நான் அறுத்த கொடியெல்லாம்?"

நர்சம்மா பஞ்சை என் கையில் வைத்து அழுத்தினார். நாங்கள் கிளம்பும்போது, புது பிளேடு வாங்கி வைங்க, நல்லாக் கொதிக்க வச்ச தண்ணியில போட்டு எடுங்க என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினார்.

மறுமாதமும் இரண்டு பேரும் போய் வந்தோம்.

சித்திரையில் வலி கண்டது. அத்தை தண்ணீர் கொதிக்கவைத்தார், பிளேடைப் போட்டார், பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார்.

"அத்தை, நீங்க வாங்க" என்று கத்தினேன்.

"நான் தொட மாட்டேன்டி."

"நீங்க தொடலைன்னா நான் யாரையும் தொட விடமாட்டேன்."

வலியில் அலறியதா, யோசித்துச் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை. அவர் வந்தார். கொதித்த தண்ணீரிலிருந்து பிளேடை எடுத்துக் கொடியை அறுத்தார். பெண் பிள்ளை. ஒரு வாரம் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை, நான் பால் கொடுக்கும்போதெல்லாம் எதிரில் வந்து உட்கார்ந்து பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை குடித்துக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டுக்காரர் ஜாமீனில் வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். ஊசி போட்டதைச் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான். தெருப் பெண்கள் அப்போதும் நம்பவில்லை. பிள்ளை பிழைத்தது சரி, இனிமேல் உனக்கு உண்டாகாது பார் என்றார்கள். ஒன்றரை வருஷத்தில் எனக்கு மறுபடியும் தலை சுற்றியது, நாக்கு புளியங்காய் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக அத்தையைத் தேடி வந்தார்கள், களத்துக் கட்டடத்துக்குத் துணைக்கு வரச் சொல்லி. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிப் போவார்.