காயப்போட்ட நெல்லும் கடைசி டேக்கும்

புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் குறைவு. மண்டபங்கள் காற்று வாங்கும். பாதி வாடகை சொன்னாலும் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் முதல் ஜாஸ் ஆல்பத்தைப் பாபநாசத்தில் ஒரு மண்டபத்தின் மாடிப் பந்திக் கூடத்தில் பதிவு செய்ததற்கு இதைத் தவிர வேறு கலைக் காரணம் எதுவும் கிடையாது.

நாங்கள் மூன்று பேர். நான் தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தேவாலயத்து கீபோர்டில் பழகி பியானோவுக்கு வந்தவள். பாஸ் வாசிப்பவர் கூத்தாநல்லூரில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது அங்கே வாசித்த குழுவிடம் கற்றுக்கொண்டார். ஊரார் எல்லாம் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவர, அவர் வயலினுக்கு அண்ணன் மாதிரி ஆளுயர டபுள் பாஸோடு வந்து இறங்கினார். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் விவசாயி. அப்பா அம்மா கூலிக்கு நட்ட ஊரிலேயே கொஞ்சம் சொந்தமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பயிர் செய்கிறவர். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் போவார். எங்களில் இளையவர் என்பதால் எனக்கும் பாய்க்கும் அவர் தம்பி.

ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டல் லிஃப்டில் போடுவார்களே அதுதானே என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி கேட்டாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. இப்போது வெளிவரும் ஆல்பங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் சின்னக் குழுக்களுடையவை. மூன்று நான்கு பேர் ஒரே அறையில், நடுவில் தடுப்புகூட இல்லாமல் உட்கார்ந்து வாசித்தவை. அவற்றில் வாசிப்பவர் மூச்சு விடுவதும் கேட்கும். பெரிய கூட்டத்தில் ஒருவர் அசந்தாலும் பாட்டு நடந்துவிடும். மூன்று பேரில் ஒருவருக்கு மனசு வேறெங்கோ போனால் மற்ற இருவருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

அன்று காலை தம்பி வந்தபோதே அவர் மனசு பாதிதான் வந்திருந்தது. சட்டையெல்லாம் நெல் சுணை.

"ஈரப்பதம் கூட இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நெல்ல எடுக்க மாட்டேன்னுட்டாங்க டீச்சர். அங்கயே களத்துல கொட்டிக் காயப்போட்டுட்டு வந்திருக்கேன். எங்க வீட்டம்மா காவலுக்கு உக்காந்திருக்கு. மூணு மணிக்கெல்லாம் நான் போயிக் குவிச்சு மூடணும்."

அத்தனை நெல்லையும் ஒருத்தியாகக் குவித்துத் தார்ப்பாய் போட முடியாது. நனைந்தால் முளைத்துவிடும், முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இதை அவர் சொல்ல வேண்டியதில்லை. நானும் நெல் விளையும் ஊரில் பிறந்தவள்தான். புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அப்போதைக்குப் பொன்தான் உருகிக்கொண்டிருந்தது.

சத்தம் பதிவாகும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம். தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டே மத்தியானத்துக்குள் மற்ற பாட்டுகளை முடித்துவிட்டோம். கடைசிப் பாட்டுதான் படுத்தியது. ஒருமுறை பாய் தடம் மாறினார். அடுத்த முறை என் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவதில் தப்பே இல்லை, உயிரும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மேற்கு கறுத்துக்கிடந்தது.

"தம்பி, நீங்க கெளம்புங்க. இத இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன்.

"இன்னும் மூணு ஆகல டீச்சர். இன்னொரு தடவ போலாம்."

"மானம் கறுக்குது தம்பி" என்றார் பாய்.

"அது ஆத்துக்கு அந்தாண்ட போற மேகம் பாய். நமக்கு வராது."

பாய் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவர் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பம் எப்போதும் போலத்தான். பாயின் தனி வாசிப்பு முடிந்து நான் பாட்டுக்குள் நுழைந்தபோது டிரம்ஸில் ஏதோ மாறியது. சத்தம் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. ஆனால் அடிக்கு அடி நெருக்கம் கூடிக்கொண்டே போனது. பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. நான் யோசித்தே பார்க்காத வரிகளை என் விரல்கள் வாசித்தன. பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஆல்பம் என்றால் இதுதான், இதற்காகத்தான் இத்தனை வருடம் என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, யாராவது தும்மினால்கூட உடைந்துவிடும் என்று.

அப்போது சரசரவென்று ஒரு சத்தம். தம்பி குச்சியை வைத்துவிட்டு, டிரம்மை மெல்ல வருடுகிற கம்பிப் பிரஷ்ஷை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இந்த இடத்தில் போய் யாராவது பிரஷ்ஷை எடுப்பார்களா என்று கோபத்தோடு திரும்பினேன். அவர் கையில் குச்சிகள்தான் இருந்தன. அவை அசையவில்லை. சத்தம் கூரையிலிருந்து வந்தது.

அவர் குச்சிகளைச் சத்தமில்லாமல் டிரம்மின் மேல் கிடத்தினார். பதிவு கெட்டுவிடக் கூடாது என்று வாசல்வரை நுனிக்காலில் நடந்தார். அதற்கப்புறம்தான் படிக்கட்டில் அவர் ஓடும் சத்தம் கேட்டது.

பாயும் நானும் சில வரிகள் வாசித்தோம், கை உடனே நிற்கவில்லை. பிறகு பாய் பாஸை ஜமக்காளத்தில் படுக்க வைத்தார். அவருடைய ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போனோம்.

களத்தில் எல்லாரும் அவரவர் நெல்லோடு அல்லாடிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் மனைவி காற்றில் எகிறும் தார்ப்பாயின் ஒரு முனையைத் தனியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி பலகையால் நெல்லைத் தள்ள, நான் துடைப்பத்தால் கூட்டினேன். விரல் நுனிக்கு ஆகாது என்று சோடா பாட்டிலைக்கூடத் திறக்காத பாய், வெறுங்கையால் கருங்கல்லைத் தூக்கிவந்து தார்ப்பாயின் மேல் வைத்தார். அதற்குள் தண்ணீர் குவியலுக்கு அடியில் புகுந்துவிட்டது. பாதிக்குமேல் நனைந்துபோயிருந்தது.

"மேக்கால கறுத்தப்பவே வந்துருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் தம்பியின் மனைவி. தம்பி இன்னொரு கல்லைத் தேடிப் போனார்.

அந்த வாரம் முழுக்க வெயில் வரவில்லை. நனைந்த நெல் முளைத்தது. கோழித் தீவன வியாபாரி ஒருவர் கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். அதற்கப்புறம் தம்பி ஒத்திகைக்கு வரவில்லை. பாய் போன் செய்தால் "பாப்பம் பாய்" என்று வைத்துவிடுவார். இனி வரவே மாட்டாரோ என்று எனக்கு உதறல். வேறு டிரம்மர் கிடைக்கலாம். இந்தக் குழு கிடைக்காது.

ஐப்பசி கடைசியில், எந்தெந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்ப்பது என்று கேட்டு முடிவு செய்ய தம்பி என் வீட்டுக்கு வந்தார். பாயும் இருந்தார். அந்தப் பாட்டை அப்படியே, டிரம்ஸ் நிற்பதும் மழை பிடிப்பதுமாகவே சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன்.

தம்பி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டார். அந்த நெருக்கமான அடிகள் வந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இதுதான் தம்பி. மொத்த ஆல்பத்துலயும் இதுதான்."

"அந்த எடத்துலேருந்து மறுபடி போடுங்க."

போட்டேன். கூரையில் மழை விழும்வரை கேட்டார்.

"இந்த எடத்துலயே எனக்குக் காத்து மாறுனது தெரியும் டீச்சர். மண்ணு வாசமும் வந்துருச்சு. அப்பவே எந்திரிச்சிருந்தா மூடியிருக்கலாம்."

பாய் தரையைப் பார்த்தார். நாங்கள் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு என்று நான் கொண்டாடியது, அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த நேரம்.

"நல்லாப் போயிக்கிட்டிருந்துச்சு. விட முடியல" என்றார்.

"வேண்டாம்னா எடுத்துடலாம் தம்பி."

"இருக்கட்டும். எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் போட்டுக் காட்டிராதீங்க. மழை வர்றது எப்ப தெரிஞ்சுச்சுன்னு அது கேக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது."