யூதர் வரலாறும் ஒரு பசை டப்பாவும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி என் கண்முன்னால் ஒரு புத்தகத்தைக் கிழித்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அது யூதர்களின் வரலாற்றையும் வழக்கங்களையும் பற்றிய புத்தகம். அலமாரியில் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்ததை முதலில் தொட்டவர் மைதீன் சார். கடையநல்லூர்க்காரர், கரிவலம்வந்தநல்லூர்ப் பள்ளியில் ஆசிரியர். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். யூத மதம் அதில் ஒரு பாடம். எங்கள் ஊரில் பஸ் மாறும்போது ஓடிவந்து அதை ரினியூ செய்துகொண்டு போவார்.

"வெள்ளிக்கிழமை பொழுதடஞ்சா மறுநா சாயந்தரம் வரைக்கும் ஒரு வேலையும் பாக்க மாட்டாவளாம், மேடம். அடுப்புகூடப் பத்தவைக்கக் கூடாதாம்" என்பார்.

"எங்க ஆபீஸ்ல அதத் தெனமும் கடைப்பிடிக்காங்க, சார்" என்பேன்.

பேப்பர் படிக்க வரும் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு பாய் யூதர் புத்தகம் படிக்கிறார், ஏதோ விவகாரம் என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். அவர் அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் திருப்பியதில்லை.

அதிகாரி வந்த அன்று மைதீன் சாரும் கவுண்ட்டரில் நின்றிருந்தார்.

"உமக்கும் யூதனுக்கும் என்ன வே சம்பந்தம்?"

"அவங்க மோசேங்கிற மூசா நபி எங்களுக்கும் நபிதான், சார். பரீச்சையும் வருது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதக் கிழிஞ்சதுன்னு எழுதிக் கணக்குலருந்து கழிச்சிரு. வம்பே வேண்டாம்."

"கிழியலையே, சார்."

அவர் நடுவில் ஒரு தாளைப் பிடித்து இழுத்தார். "இப்பக் கிழிஞ்சிட்டுல்லா? எழுது."

நூலகத் துறையில் சம்பளம் வாங்குகிற மனுஷன்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மைதீன் சார் குனிந்து அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அந்த ஜனங்க வேதம் எழுதுன தாளு நைஞ்சாலும் தூரப் போட மாட்டாவ, மேடம். மண்ணுல அடக்கிருவாவ. எங்க ஊர்லயும் ஓதுற கிதாபு கிழிஞ்சா அப்படித்தான். புஸ்தகத்தையும் எங்கிட்டத் தாங்க, நான் அடக்கிக்கிடுதேன்."

"அடக்கம் பண்ணுததுக்கு இது என்ன செத்தா போச்சு?" என்றேன்.

கிழிந்த புத்தகம் கைக்கு வந்தால் நூலகருக்கு முதல் வேலை ஒட்டுவது. ஒட்டவே முடியாததைத்தான் கழிக்க வேண்டும். அவரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு பசை டப்பாவைத் திறந்தேன். மெல்லிய தாள் வைத்து, அதிகாரி பார்க்கப் பார்க்க ஒட்டினேன். தேதி முத்திரை குத்தி மைதீன் சார் கையில் கொடுத்தேன்.

"காயுத வரைக்கும் விரிக்காதீங்க, சார்."

அதிகாரி முகம் சிவந்துவிட்டது. "வேலையப் பத்தி நெனப்பு இருக்கா, இல்லையா?"

"வேலையத்தான சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

அடுத்த மாதமே என்னைத் திருவேங்கடம் கிளை நூலகத்துக்குத் தூக்கியடித்தார்கள். கைக்குழந்தையோடு டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். மைதீன் சார் பாஸானார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்கிற புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். இவருக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால், அவர் உங்கள் மேலதிகாரியாகவே இருந்தாலும், உங்களுக்கு அது எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.